ஓடும் வரைபடத்தில் தெருப் பெயரைப் படித்துவிட்டேன்

திரையில் நகரும் படம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்க உதவும் டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் ஒரு சோதனை உண்டு. ஒரு நகரத்தின் தெரு வரைபடம் திரையில் பக்கவாட்டாக ஓடிக்கொண்டே இருக்கும், அதில் பொடி எழுத்தில் தெருப் பெயர்கள். வேகத்தை விநாடிக்கு 960 பிக்சல் என்று வைத்தால், 1920 பிக்சல் அகலத் திரையில் ஒரு ஓரத்தில் நுழைந்த பெயர் மறு ஓரத்தில் மறைய இரண்டே விநாடி. 60 ஹெர்ட்ஸில், அதாவது திரை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்போது, அந்தப் பெயர்கள் வெறும் சாம்பல் தீற்றல். 144 ஹெர்ட்ஸில் எழுத்து என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. போன வாரம் ஒரு நாள் இரவு, மூன்று வாரம் மல்லுக்கட்டிய அதே மானிட்டரில், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே. அந்தச் சூட்டோடு எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுகிறேன், நடுவில் எங்கெங்கே வழி தவறினேன் என்பதையும் சேர்த்து.

மானிட்டர் ஒருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. 24 அங்குலம், 1920க்கு 1080, டிஎன் வகை எல்சிடி பேனல், 144 ஹெர்ட்ஸ். நான் அதிகம் ஆடுவது கார் பந்தயம். நேர் சாலையில் ஒரு குறையும் இல்லை. திருப்பத்தில் காட்சி சட்டென்று சுழலும்போதுதான் ஓரத்தில் நிற்கும் பலகைகள், பிரேக் எங்கே பிடிக்கலாம் என்று காட்டும் 100, 50 பலகைகள் எல்லாம் கரைந்துபோகும். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் மோஷன் ப்ளர் அமைப்பை முதல் நாளே அணைத்துவிட்டேன். ஆக, மிச்சமிருக்கும் மங்கல் மானிட்டருடையது.

முதலில் கை வைத்தது ஓவர்டிரைவ் மேல், பிக்சல் நிறம் மாறுவதை விரைவுபடுத்தும் அமைப்பு அது. மெனுவில் மூன்று படி இருந்தது. பறக்கும் தட்டு ஓடும் சோதனையைப் போட்டு, போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு படிக்கும் படம் எடுத்தேன். மூன்றாவது படியில் தட்டு கத்தி மாதிரி கூர்மையாக வந்தது. அதையே வைத்துக்கொண்டு நான்கு நாள் ஆடினேன். ஆடும்போது எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, போதாக்குறைக்கு இருட்டான பொருள்களுக்குப் பின்னால் வெளிறிய ஒளிவட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது. ஓவர்டிரைவ் அளவு மீறினால் பிக்சல் போகவேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பும், அதுதான் அந்த வெளிறல். படத்தில் அது கண்ணுக்குப் படவே இல்லை, ஏனென்றால் நான் எடுத்த படமே தவறான படம்.

எங்கே தவறு என்று புரிய அதே தளத்தில் இருக்கும் இன்னொரு சோதனை உதவியது. அதில் இரண்டு பறக்கும் தட்டு இருக்கும், ஒன்று நிற்கும், மற்றது ஓடும், பின்னால் செங்குத்துக் கோடுகள். நிற்கும் தட்டைப் பார்த்தால் கோடுகள் ஒரு மாதிரி, ஓடும் தட்டைக் கண்ணால் தொடர்ந்தால் அதே கோடுகள் முற்றிலும் வேறு மாதிரி. திரை மாறவில்லை, என் கண் அசைந்ததுதான் வித்தியாசம். எல்சிடி திரை ஒரு ஃபிரேமை, அதாவது ஒரு தனிப் படத்தை, அடுத்த ஃபிரேம் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது, கண்ணோ நிற்காமல் நகர்கிறது, அதனால் அந்த நின்ற படம் விழித்திரையில் தீற்றப்படுகிறது. கணக்கு எளிது: படம் ஒரு மில்லி விநாடி எரிந்து நின்றால், விநாடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் ஒரு பிக்சல் தீற்றல். நான் ஓட்டும் 960 வேகத்தில் 60 ஹெர்ட்ஸுக்கு 16 பிக்சல், 120க்கு 8, 144க்கு ஏறக்குறைய 6.7. பிக்சல் நிறம் மாறும் வேகத்தைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோனாலும் இந்த 6.7 அப்படியேதான் இருக்கும். நான்கு நாள் ஓவர்டிரைவைத் திருகியதில் இந்த எண் ஒரு துளிகூட அசையவில்லை. ஓவர்டிரைவை நடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்தேன், அதற்கப்புறம் தொடவில்லை.

சரி, கண் பார்ப்பதைக் கேமராவும் பார்க்க வேண்டும் என்றால் கேமரா ஓட வேண்டும், அதுவும் தட்டு ஓடும் அதே வேகத்தில். இதற்காக ஒரு தண்டவாளம் செய்தேன். மேசை இழுப்பறைகளில் பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் சேனல், 45 செ.மீ. நீளம், ஒன்று சும்மா கிடந்தது. அதை ஒரு மரச்சட்டத்தில் திருகி, நகரும் பக்கத்தில் போன் ஹோல்டரை மாட்டினேன். மானிட்டரின் படப்பரப்பு அகலம் 53 செ.மீ., ஆகவே விநாடிக்கு 960 பிக்சல் என்றால் விநாடிக்கு 26.5 செ.மீ. கையால் தள்ளக்கூடிய வேகம்தான், ஆனால் ஒரே சீராகத் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் சேனலின் நீளத்தில் பாதி போய்விடும், நடுவில் ஒரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவான நேரம்தான் உருப்படியானது.

முதல் நாள் எடுத்த எழுபது எண்பது முயற்சியில் ஒன்றுகூடத் தேறவில்லை. சேனலில் பழைய கிரீஸ் கெட்டியாகிப்போய் விட்டுவிட்டு நகர்ந்தது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் வழுக்கிக்கொண்டு போனது, அது மிதமிஞ்சிய வழுக்கல், கை நடுக்கம் முழுவதும் படத்தில் வந்தது. சேனலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் துணியை ஒட்டி மெலிதாக உரசவிட்ட பிறகுதான் வேகம் சீரானது. இன்னொன்று, போனின் பட நிலைப்படுத்தும் வசதி ஆன் ஆகியிருந்தது, நான் தள்ளத் தள்ள அது படத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. அதை அணைக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

தள்ளிய வேகம் சரியா என்று பார்க்க அந்தச் சோதனையிலேயே தட்டுக்குக் கீழே ஒரு ஏணி வடிவக் குறி ஓடும். கேமராவும் அதே வேகத்தில் போனால் படத்தில் ஏணி நேராக அடுக்கிய மாதிரி வரும், வேகம் பிசகினால் படிகள் சாய்ந்துவிடும். மானிட்டரை 120 ஹெர்ட்ஸில் வைத்து, ஷட்டரை 1/30 விநாடியில் பூட்டினேன், அதாவது சரியாக நான்கு ஃபிரேம் வெளிச்சம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு புகைப்படம் எடுப்பதை விட்டுவிட்டு வீடியோவாக எடுத்து, பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி ஏணி நேராக இருக்கும் ஃபிரேமை எடுத்துக்கொண்டேன். பத்துத் தள்ளலில் மூன்று தேறும்.

இப்படி எடுத்த முதல் நல்ல படத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ஆடும்போது என் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அது அப்படியே இருந்தது. தட்டின் கண்ணாடிக் கூண்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்கள், எல்லாம் பக்கவாட்டில் எட்டு பிக்சல் அளவுக்கு வெண்ணெய் தடவியது போல இழுபட்டிருந்தன. நிறுத்திவைத்த போனில் எடுத்த படங்களை அன்றே அழித்துவிட்டேன்.

அடுத்து ஸ்ட்ரோப். இந்த மானிட்டரில் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே ஒரு முறை மின்னவைக்கும் வசதி இருந்தது. மின்னும் நேரம் குறைந்தால் தீற்றலும் அதே அளவுக்குக் குறையும். மெனுவில் ஆன், ஆஃப் மட்டும்தான். பழுதுபார்ப்பவர்களுக்கான சர்வீஸ் மெனுவுக்குள் போனால் இரண்டு எண் கிடைத்தது, ஒன்று மின்னலின் அகலம், இன்னொன்று ஃபிரேமுக்குள் அது எந்த இடத்தில் விழுகிறது என்பது. இரண்டுக்கும் அலகு கிடையாது. சர்வீஸ் மெனுவில் மற்ற எண்களைத் தொட்டால் பேனலே கோளாறாகலாம் என்பதால், உள்ளே போனதும் முதல் வேலையாக எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

அலகு இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மின்னலை அளந்துவிடலாம் என்று தோன்றியது. அலைக்காட்டி என்னிடம் இல்லை, கணினியின் சவுண்ட் கார்டு இருக்கிறது. அது விநாடிக்கு 48,000 மாதிரி எடுக்கும், ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.02 மில்லி விநாடி, இந்த வேலைக்கு அது தாராளம். தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சோலார் செல்லை சவுண்ட் கார்டின் லைன்-இன் துளையில் சொருகி, திரையில் ஒட்டி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்தேன். அலை வந்தது, ஆனால் சுறா துடுப்பு மாதிரி. ஏறும்போது செங்குத்து, இறங்கும்போது நீளமான வால். சோலார் செல்லின் பரப்பு பெரியது, அதன் கொள்ளளவும் பெரியது, வெளிச்சம் நின்ற பிறகும் மெல்ல மெல்லத்தான் வடியும். அந்த வாலை நிஜ மின்னல் என்று நினைத்து ஒரு மாலை முழுக்க அகலத்தைக் குறைத்துக்கொண்டே போனேன், திரை கருத்ததுதான் மிச்சம்.

அப்புறம் பிபிடபிள்யூ34 என்ற போட்டோடையோடு, அதாவது வெளிச்சத்தை உணரும் டையோடு, வாங்கினேன், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதை நேரே லைன்-இன்னில் கொடுத்தபோது வால் போய்விட்டது, ஆனால் அலையின் தலை தட்டையாகி இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. வெளிச்சம் அதிகமாக இருப்பதால் டையோடு தன் உச்ச மின்னழுத்தத்தில் முட்டி நிற்கிறது என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது. டையோடுக்குக் குறுக்கே 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தேன். அவ்வளவுதான், அழகான செவ்வகத் துடிப்பு. என் சவுண்ட் கார்டில் அது தலைகீழாகப் பதிவானது, அதனால் ஒன்றும் குறையில்லை, அகலத்தை எண்ண வேண்டும் அவ்வளவே. 120 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கம் வரை 400 மாதிரி, எண்ணிப் பார்த்தால் சரியாக 400. மைக் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்புகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அலையின் உயரம் நடனமாடும்.

இந்தச் சின்னக் கருவியில் கிடைத்த இன்னொரு விஷயம், பக்கத்து மேசையில் எழுத்து வேலைக்கு வைத்திருக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரின் திரையிலும் டையோடை வைத்துப் பார்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்தால் அதன் பேக்லைட் விநாடிக்கு 240 முறை மின்னி அணைகிறது. அதில் எதை வேகமாக நகர்த்தினாலும் நான்கு நான்காகத் தெரிவது ஏன் என்று பல வருடமாக இருந்த கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது.

சர்வீஸ் மெனு எண்களை ஒவ்வொன்றாக மாற்றி, துடிப்பின் அகலத்தை அளந்து ஒரு தாளில் அட்டவணை போட்டேன். நான் தேர்ந்தெடுத்தது 72 மாதிரி அகலம், அதாவது 1.5 மில்லி விநாடி. 960 வேகத்தில் தீற்றல் 1.4 பிக்சல். முன்பு இருந்த 6.7 எங்கே, இது எங்கே. 1 மில்லி விநாடிக்கும் போகலாம், ஆனால் வெளிச்சம் தாங்கவில்லை. 120 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமின் நேரம் 8.33 மில்லி விநாடி, அதில் 1.5 மட்டும் எரிந்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மின்னும் நேரத்தில் மானிட்டர் விளக்கைக் கூடுதலாக எரிய விடுகிறது என்றாலும், அதே படத்துக்குப் போனில் ஐஎஸ்ஓ 100 போதுமாக இருந்த இடத்தில் 400 வேண்டியிருந்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆடினால் போதும், இரவில் குறையே தெரியாது.

ஸ்ட்ரோப் போட்ட முதல் படத்தில் திரையின் நடுவில் இருந்த தட்டு அச்சு அசலாக நின்ற படம் போலவே இருந்தது. கீழே இருந்த தட்டுதான் இரட்டையாக இருந்தது, அசலுக்குப் பக்கத்தில் அதன் நிழல் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில். ஏன் என்றால், திரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் புதுப்பிக்கப்படுகிறது. மேல் வரிகள் நிறம் மாறி முடித்துவிடும், கீழ் வரிகள் மாறிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மின்னிவிடுகிறது, ஆகவே பழைய ஃபிரேமும் புதிய ஃபிரேமும் சேர்ந்தே தெரியும். மின்னலின் இடத்தைத் தள்ளிப் பார்த்தேன். கீழே சுத்தமானால் மேலே இரட்டை, மேலே சுத்தமானால் கீழே இரட்டை. இரட்டைப் பட்டை திரைக்குள்ளேயே ஏறி இறங்குகிறது, வெளியே போக மாட்டேன் என்கிறது.

அதை வெளியே தள்ள இடம் வேண்டும். கடைசி வரி முடிந்ததற்கும் அடுத்த ஃபிரேமின் முதல் வரி தொடங்குவதற்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி உண்டு, கண்ணுக்குத் தெரியாத வரிகளாக அதைக் கணக்கிடுவார்கள். 120 ஹெர்ட்ஸில் வழக்கமான அமைப்பில் மொத்த வரிகள் 1144, அதில் படத்துக்கு 1080, மீதி 64. நேரத்தில் சொன்னால் அரை மில்லி விநாடிகூட இல்லை. 1.5 மில்லி விநாடி மின்னலே அதற்குள் அடங்காது, பிக்சல் அடங்க நேரம் எங்கே? இந்த மொத்த வரியைக் கூட்டினால், படவரிகள் வேகமாக வந்து முடிந்து, இடைவெளி நீளும். சிஆர்யூ என்ற சின்ன மென்பொருளில் இதை எண்ணாக மாற்றலாம்.

எடுத்த எடுப்பில் 1500 என்று போட்டேன். திரை கருத்துவிட்டது, வரம்பு தாண்டியது என்ற பெட்டி மட்டும் மிதந்தது. கண்ணுக்குத் தெரியாதவையும் சேர்த்து ஒரு வரியின் மொத்தப் பிக்சல் 2080, அதை 1500ஆலும் 120ஆலும் பெருக்கினால் 374.4 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் கடிகாரம், அதாவது விநாடிக்கு அத்தனை மில்லியன் பிக்சல். இந்த மானிட்டர் தன் 144 ஹெர்ட்ஸுக்கே எடுத்துக்கொள்வது 346.5 தான். முன்கூட்டியே ஒரு பெருக்கல் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். விண்டோஸை சேஃப் மோடில் ஏற்றி, சிஆர்யூவோடு வரும் ரீசெட்-ஆல் கோப்பை ஓடவிட்டு மீட்டேன். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குருட்டுத்தனமாகத் தேட நேர்ந்ததால், இப்போது அதை டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது முறை 1350. பெருக்கினால் 336.96 மெகாஹெர்ட்ஸ், வரம்புக்குள். படவரிகள் 6.67 மில்லி விநாடியில் முடிந்துவிடுகின்றன, இடைவெளி 1.67 மில்லி விநாடி. முன்பு இருந்ததைப் போல மூன்றரை மடங்கு. மின்னலின் இடத்தை மறுபடியும் நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் தண்டவாளப் படம் எடுத்தேன். மின்னல் அடுத்த ஃபிரேமின் முதல் சில வரிகளுக்குள் கொஞ்சம் நுழைந்தாலும் பரவாயில்லை என்பது இதில் கற்றது. வரி வந்தவுடனே பிக்சல் மாறிவிடுவதில்லை, அசைய ஆரம்பிக்கவே அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அந்தச் சந்தில் மின்னல் முடிந்துவிடுகிறது. இப்படித் தள்ளியதில் இரட்டை படம் திரையின் அடியில் ஏறக்குறைய 60 வரிக்குள் ஒடுங்கியது.

100 ஹெர்ட்ஸிலும் முயன்றேன். மொத்த வரி 1600, கடிகாரம் 332.8 மெகாஹெர்ட்ஸ், இடைவெளி 3.25 மில்லி விநாடி. ஷட்டரில் 1/25 கிடைக்காததால் 1/50 வைத்து, இரண்டு ஃபிரேம் வெளிச்சத்தில் படமெடுத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே தெளிவு, அடியில் தேடினால்தான் நிழல். வரைபடத்தில் தெருப் பெயர்களைப் படித்தது இதில்தான். ஆனால் வெள்ளைப் பரப்பு அதிகம் உள்ள காட்சியில் மினுக்கம் ஓரக்கண்ணில் குத்துகிறது, அரை மணிக்கு மேல் எனக்கு நெற்றி கனக்கிறது. இருட்டான விளையாட்டுக்கு 100, வெயிலடிக்கும் பந்தயத் தடத்துக்கு 120 என்று இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். எழுத்து வேலைக்கு நானும் ஸ்ட்ரோபை அணைத்துவிடுகிறேன்.

இதற்கு நடுவில் ஒரு மாலை முழுவதும் வீணானதைச் சொல்ல வேண்டும். குளிரான நாள், மானிட்டரை ஆன் செய்த உடனே உட்கார்ந்து மின்னலின் இடத்தை நுணுக்கமாகச் சரிசெய்து முடித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே அமைப்பில் எடுத்த படம் வேறாக இருந்தது. எதையும் தொடவில்லை. திரவப் படிகம் குளிரில் மெதுவாக அசையும், சூடேறியதும் வேகம் பிடிக்கும். அதற்குப் பிறகு மானிட்டர் நாற்பது நிமிடம் எரிந்த பிறகுதான் எந்த அளவும் எடுப்பேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தது என்று விளையாட்டைத் திறந்தால், சோதனையில் இருந்த தெளிவு அங்கே இல்லை. பலகைகள் இரட்டையாக நடுங்கின, ஸ்ட்ரோப் இல்லாமல் ஆடியதே மேல் என்று தோன்றியது. விளையாட்டு விநாடிக்கு 90க்கும் 110க்கும் இடையில் ஃபிரேம் கொடுத்துக்கொண்டிருந்தது, விளக்கோ 120 முறை மின்னுகிறது. ஒரே ஃபிரேம் இரண்டு முறை மின்னினால் கண் அதை இரண்டு இடத்தில் பார்க்கும். 120 மின்னலில் 60 ஃபிரேம் ஓட்டிப் பார்த்தேன், தட்டு எட்டு பிக்சல் இடைவெளியில் பளிச்சென்று இரண்டாக நின்றது, கணக்கு சொன்னபடியே. ஆக ஒரு ஃபிரேமுக்கு ஒரு மின்னல், இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. நிழல்களின் தரம், புல், பார்வையாளர் கூட்டம் எல்லாவற்றையும் இறக்கி, எந்தத் திருப்பத்திலும் 130க்குக் கீழே போகாத நிலைக்குக் கொண்டுவந்தேன்.

அதன் மேல் விசிங்க், ஃபிரேமைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்துப்போகவைக்கும் அமைப்பு. அதை மட்டும் போட்டால் ஸ்டீயரிங் தாமதமாகக் கேட்டது. சோதனைத் தளத்தில் மானிட்டரின் சரியான புதுப்பிப்பு எண்ணைப் பார்த்தேன், 119.99 என்று காட்டியது, ஆர்டிஎஸ்எஸ் மென்பொருளில் ஃபிரேம் உச்சவரம்பை அதைவிட ஒரு நூலிழை குறைவாக 119.98 என்று வைத்தேன். ஃபிரேம்கள் வரிசையில் குவிந்து நிற்பது நின்றது, தாமதம் பெருமளவு போய்விட்டது. எப்போதாவது ஒரு ஃபிரேம் தவறி ஒரு சின்ன உதறல் வருகிறது, அது எனக்குச் சம்மதம். ஃபிரேம் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி திரையை மாற்றும் ஃப்ரீசிங்க், இந்த மானிட்டரில் ஸ்ட்ரோபோடு சேர்ந்து ஓடாது, இரண்டில் ஒன்றுதான். ஃபிரேம் நிலையாக வராத கனமான விளையாட்டுகளுக்கு ஃப்ரீசிங்க் பக்கம் போய்விடுவேன்.

மறுபடி தொடங்கினால் என்ன மாற்றுவேன்? தண்டவாளத்தையும் போட்டோடையோடையும் முதல் நாளே செய்வேன், மெனுவை அதற்கப்புறம்தான் திறப்பேன். கையால் தள்ளுவதற்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டாரும் பல்பட்டையும் வைத்தால் விநாடிக்கு 26.5 செ.மீ. என்பதை ஒரே தடவையில் பிடித்துவிடலாம், பத்துக்கு மூன்று என்ற கணக்கு மாறும். மானிட்டர் மாற்றும் நாள் வந்தால் 240 ஹெர்ட்ஸ் பேனலாக எடுத்து அதை 120இல் ஓட்டுவேன், படவரிகள் 4 மில்லி விநாடி சொச்சத்தில் முடிந்துவிட்டால் மீதிப் பாதி நேரம் பிக்சல் அடங்கக் கிடைக்கும். அகன்ற நிற வரம்பு என்று விற்கும் சில பேனல்களின் பேக்லைட்டில் சிவப்புக்குப் போடும் பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு, விளக்கு அணைந்த பிறகும் சில மில்லி விநாடி ஒளிரும், ஸ்ட்ரோபில் எல்லாவற்றுக்கும் சிவப்பு வால் முளைக்கும். வாங்குமுன் அதைக் கட்டாயம் விசாரிப்பேன்.

இப்போது ஓடுவது 120 ஹெர்ட்ஸ், மொத்த வரி 1350, மின்னல் 1.5 மில்லி விநாடி. அடியில் அந்த 60 வரி இரட்டை இன்னும் இருக்கிறது. அதைப் போக்க இன்னொரு வாரம் செலவழிக்கத் தயாராக இருந்தேன், அதற்குள் ஒன்று கண்ணில் பட்டது. ஓட்டுநர் இருக்கைப் பார்வையில் ஆடினால் திரையின் அடிப்பகுதி முழுவதும் காரின் டேஷ்போர்டுதான், அது நகர்வதே இல்லை, நகராத பொருளுக்குப் பழைய ஃபிரேமும் புதிய ஃபிரேமும் ஒன்றே. இருக்கையின் உயரத்தை விளையாட்டு அமைப்பில் இரண்டு படி இறக்கினேன், டேஷ்போர்டு மேலேறி அந்தப் பட்டையை முழுவதும் மூடிக்கொண்டது. அதற்கு மேலே, திருப்பத்தில் சுழன்று போகும் 50 பலகையில் எண்ணின் ஓரம்கூடத் தெரிகிறது.